படம்: அகல்யா டெக்ஸ்

“ரத்தமா?”

“ரத்தம்னுதானுங்க போட்டிருக்குது.”

“சித்தெ சத்தமாப் படி. தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.”

புருசன் பிரபாகர் தறியை நிறுத்துவதாக இல்லை. அகல்யாவே சுவரோரம் போய் மெயின் சுவிட்சைத் தட்டினாள். விசைத்தறிச் செட்டில் இருந்த தறிகள் நான்கும் ஒரு குலுக்கலோடு ஓய்ந்தன. அவள் செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தாள்.

“‘இந்தக் கம்பெனியில் யாரும் வாங்காதீர்கள். ஆஸ்பத்திரியில் பயன்படுத்திய பெட்ஷீட்டைத் துவைத்துப் புதுசு என்று விற்கிறார்கள். மூலையில் இருக்கும் ரத்தக் கறையைப் பாருங்கள். பிரித்துப் பார்த்ததும் என் மனைவிக்கு வாந்தி வந்துவிட்டது.’ அப்பறம் ஒரு படம். அது நம்ம படமுங்க.”

“நம்ம படமா?”

“நான் எடுத்த படமுங்க! நம்ம மொத உருப்படி. மஞ்சளு குங்குமம் வெச்சு எடுத்தமே, அதேதான்.”

பிரபாகர் கைலியில் கையைத் துடைத்தான். படத்தை எட்டிப் பார்த்தான். “அதுக்கு எதுக்குத் தறியை நிறுத்துன?” என்றான்.

அவர்கள் குமாரபாளையத்தில் தனியாகச் செட் போட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அதுவரை பிரபாகரின் அண்ணன் மாரியப்பனுடைய பெரிய செட்டில்தான் எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பிரிந்து போகவேண்டும் என்று கேட்டவள் அகல்யா. இணையத்தில் தன் பேரில் பெட்ஷீட் விற்கவேண்டும் என்பது அவள் ஆசை. மாரியப்பன் உடனே சரி என்று சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை.

“நாலு தறி எடுத்துட்டுப் போங்க. தீபாவளி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு நெரந்தர ஆர்டர் பிடிச்சுத் தனியா நின்னுட்டீங்கன்னா தறி உங்களுது. நிக்க முடியலீன்னா தறியும் எஞ்செட்டுக்கு வரணும், நீங்களும் எஞ்செட்டுக்கு வரணும்.”

சமையல்கட்டிலிருந்து அவர் மனைவி தனப்பிரியா அப்போது ஒரு வார்த்தை சொன்னாள்.

“அகல்யா நிப்பாளுங்க. கொழுந்தனாரு நிப்பாரான்னுதான் தெரியல.”

புதுப் பாவு நூலைத் தறியில் பூட்டி, நெய்து அறுத்த முதல் உருப்படியை அந்தக் குடும்பத்தில் விற்கமாட்டார்கள். அதன் மூலையில் மஞ்சளைக் குழைத்து வைத்து, மேலே குங்குமத்தை அழுத்தி, சாமி படத்துக்கு முன்னால் விரிப்பார்கள். பிறகு வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். அகல்யா அதையும் செய்தாள். ஆனால் இரண்டாவது உருப்படி வரும்வரை அவளுக்குப் பொறுமை இல்லை. மஞ்சள் வைத்த ஈரத்தோடு முதல் உருப்படியையே ஜன்னல் ஓரக் கட்டிலில் விரித்துவிட்டாள். பிரபாகரின் போனில் காமிரா நன்றாக இருக்கும் என்று அதை வாங்கி வரிசையாகப் படம் எடுத்தாள். அதில் ஒன்றைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். விற்பனைப் பக்கத்துக்குப் படத்தில் மஞ்சள் மூலையை வெட்டிவிட்டுப் போட்டாள். வெட்டாத படத்தை, “எங்கள் முதல் உருப்படி” என்று எழுதிக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டாள். தனப்பிரியா பதிலுக்குக் கும்பிடும் கை ஒன்றை அனுப்பியிருந்தாள்.

இப்போது அந்த வெட்டாத படம் ‘பாத்துவாங்கு’ என்ற தளத்தில் கிடந்தது. பொருள் வாங்கியவர்கள் நல்லதையும் கெட்டதையும் எழுதும் இடம் அது. அங்கே யார் படம் ஏற்றினாலும் தளத்துக்காரர்கள் தங்கள் பேரைப் படத்தின் குறுக்கே கோணலாக, பெரிய எழுத்தில் அச்சிட்டுவிடுவார்கள். வாட்டர்மார்க் என்று அதற்குப் பேர். இந்தப் படத்திலும் சாம்பல் நிற எழுத்துகள் கட்டிலின் ஒரு பக்கத்தில் ஏறி மறுபக்கம் மஞ்சள் வைத்த மூலையில் இறங்கின. எழுத்துகளுக்கு அடியில் அங்கே இருப்பது சிவப்பா பழுப்பா என்றுகூடத் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் ரத்தம் என்று எழுதிவைத்த பிறகு பார்க்கிறவன் கண்ணுக்கு வேறென்ன தெரியும்?

அகல்யா அதன் கீழேயே பதில் எழுதினாள். அது மஞ்சளும் குங்குமமும், முதல் துணிக்கு வைப்பது, விற்கும் துணியே இல்லை என்று விளக்கினாள். அடுத்த நிமிடம் ஒருவன் எழுதினான்: “பூஜை போட்ட பெட்ஷீட்டாம். தேங்காயும் உடைச்சாங்களா?” அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் பிடித்தது அதுதான்.

மறுநாள் காலையில் குணசீலன் கூப்பிட்டார். கோயம்புத்தூரில் ஓட்டல்களுக்கு விரிப்பு எடுத்துக் கொடுக்கிறவர் அவர். வருசம் முழுக்க உன்னிடமே எடுக்கிறேன் என்று வாய்ச்சொல் கொடுத்திருந்தார்.

“ஏம்மா அகல்யா, என்ன இது கண்றாவி?”

“மஞ்சள் குங்குமமுங்க சார். சாமிக்கு வெச்சது.”

“எனக்குப் புரியுதும்மா. எங்கூட்டுலயும் புது வண்டி எடுத்தா வெக்கறோம். ஓட்டல்ல ரூம் போடறவன் ஒவ்வொருத்தன் கிட்டயும் நான் போயி, சார் அது மஞ்சளுங்கன்னு சொல்லிட்டு நிக்க முடியுமா?”

“இல்லீங்க சார்.”

“ஓட்டல்காரங்க உங்கம்பெனி பேரைத் தட்டிப் பாத்தா மொதல்ல அதுதான் வருது. அதை எடுக்க வையி. எடுத்தாச்சுன்னா ஆர்டர் உன்னுது. வெள்ளிக்கெழமை வரைக்கும் நான் ஆருக்கும் குடுக்காம வெச்சிருக்கறேன்.”

“கண்டிப்பா எடுக்க வெக்கறனுங்க சார்.”

போனை வைத்ததும் அவள் புருசன் பக்கம் திரும்பினாள். பிரபாகர் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சோறு ஊட்டிக்கொண்டிருந்தான்.

“மூலையோட இருக்கற படத்தை நான் குரூப்பைத் தவிர வேற எங்கயும் போடலீங்க.”

“அதுக்கு?”

“குரூப்புல இருக்கறவங்க வேலைதான் இது.”

“குரூப்புல ஆரு இருக்கறா? அண்ணன், அண்ணி, நாம ரெண்டு பேரு. அண்ணியவா சொல்ற?”

“நான் பேரே சொல்லல. நீங்கதான் சொன்னீங்க.”

“உடு அகல்யா. நாலு நாள் போனா அதுவே அடங்கீரும்.”

“நாலு நாளா? வெள்ளிக்கெழமை வரைக்கும்தானுங்க இருக்குது. இந்த ஆர்டர் போனா நாலு தறியும் போச்சு.”

“போனா அண்ணன் செட்டுக்குத்தானே போகுது? ஆத்துலயா போகுது? வாயத் தொற பாப்பா.”

அகல்யா தளத்துக்கே போன் போட்டாள். பாட்டு வெகுநேரம் ஓடியது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

“வணக்கம், பாத்துவாங்கு வாடிக்கையாளர் சேவை. நான் மோனிஷா. சொல்லுங்க மேடம்.”

அகல்யா சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள்.

“புரியுது மேடம். எந்தக் காரணத்துக்காக அதை எடுக்கணும்னு கேக்கறீங்க? விமர்சனம் பொய்ங்கறீங்களா, இல்ல படத்துக்குக் காப்பிரைட் கேக்கறீங்களா?”

“பொய்தானுங்க. பச்சைப் பொய்.”

“பொய்ன்னா எழுதினவரை நாங்க விசாரிக்கணும் மேடம். ஒரு மாசம்கூட ஆகும்.”

“அய்யோ, எனக்கு வெள்ளிக்கெழமைக்குள்ள வேணுமுங்களே.”

“அப்ப காப்பிரைட்ல போட்டுருங்க. படம் உங்களுதுதானே? அது சீக்கிரம் முடிஞ்சிடும்.”

“எங்களுதேதான் கண்ணு. நான் எங்கையால எடுத்தது.”

“படத்துல இருக்கிற பெட்ஷீட்?”

“அதும் எங்களுதுதான். எங்க தறியில அறுத்தது.”

“மூலையில இருக்கிற கறை?”

“கறை இல்ல கண்ணு, மஞ்சளு. அதும் நான் வெச்சதுதான்.”

“சரிங்க மேடம். படம், பொருள், மூலையில இருக்கிறது, மூணும் தன்னோடதுன்னு விற்பனையாளர் சொல்றாங்கன்னு குறிச்சுக்கிறேன்.”

“குறிச்சுக்கோ சாமி. நல்லாக் குறிச்சுக்கோ. எவன் வந்து கேட்டாலும் அதையே சொல்லு.”

“எடுத்த போன்ல இருந்தே, வெட்டாத ஒரிஜினல் படத்தை அனுப்பிவிடுங்க மேடம். அது போதும்.”

அகல்யா சந்தோசமாகப் புருசனிடம் கை நீட்டினாள்.

“உங்க போனைக் குடுங்க. அன்னைக்கு எடுத்த படம் அதுலதானே இருக்குது.”

பிரபாகர் போனைக் கொடுக்கவில்லை. “நீ தேட வேண்டாம். எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். நானே அனுப்பறேன்” என்றான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அவனே செய்கிறேன் என்றது அவளுக்கு நிறைவாக இருந்தது. அன்று அவனுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தளத்திலிருந்து கடிதம் வந்தது.

“மதிப்புக்குரிய விற்பனையாளருக்கு. படத்தின் மீதான தங்கள் காப்புரிமையை முழுமையாக ஏற்றுக்கொள்கிறோம். தங்களுக்குச் சொந்தமான படத்தின் மேல் எங்கள் வாட்டர்மார்க் இருந்தமைக்கு வருந்துகிறோம். அதை நீக்கிவிட்டோம். படத்தின் கீழ் தங்கள் பெயரைச் சேர்த்துவிட்டோம். ஒரு பொருளை விமர்சிப்பதற்காக அதன் படத்தைக் காட்டுவதைச் சட்டம் தடுக்காது என்பதால், படமும் விமர்சனமும் அதே இடத்தில் தொடரும்.”

அகல்யா பக்கத்தைத் திறந்தாள். சாம்பல் எழுத்துகள் போயிருந்தன. கழுவித் துடைத்ததுபோல் படம் பளிச்சென்று இருந்தது. வெள்ளைத் துணி, வெயில், மூலையில் ஈரம் ஊறிப் பரவிய சிவப்பு. அது மஞ்சளும் குங்குமமும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கே அந்த நொடியில் அது ரத்தம்போலத்தான் இருந்தது.

கீழே, ‘படம்: அகல்யா டெக்ஸ்’ என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே ஒரு பச்சை டிக் குறி. ‘படத்தில் உள்ள பொருள் தம்முடையதே என்று விற்பனையாளர் உறுதி செய்துள்ளார்.’

அகல்யா மறுபடியும் தளத்துக்குப் போன் போட்டாள்.

“மேடம், நான் மோனிஷா.”

“கண்ணு, நான் எடுக்கத்தானே சொன்னேன்? எம்பேரைப் போடவா சொன்னேன்?”

“காப்பிரைட் கேட்டீங்க, குடுத்துட்டோம் மேடம். பேரே கிடைக்காம எத்தனையோ பேரு அலையறாங்க.”

“அது விக்கற துணியே இல்லைன்னு சொன்னனே. நீ குறிச்சுக்கலையா?”

“துணி உங்களுதுன்னு நீங்க சொன்னது பதிவாயிருக்கு மேடம். வேணும்னா திரும்பப் போட்டுக் காட்டட்டுங்களா?”

அகல்யா போனைக் காதிலிருந்து எடுத்து அந்தப் பச்சை டிக்கை மறுபடியும் பார்த்தாள்.

“வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்? இல்லைன்னா இந்தச் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க.”

குணசீலன் அவள் கூப்பிடும்வரை காத்திருக்கவில்லை. அவரே கூப்பிட்டார்.

“ஏம்மா, எடுக்க வையின்னா, ஆமா எங்கறைதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கற?”

“சார், நான் வேற நெனச்சுச் செஞ்சனுங்க. இன்னும் ரெண்டு நாள் மட்டும்...”

“ரெண்டு நாள்ல என்ன பண்ணுவ? மூலையில பூ வெப்பயா? எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்குது. ஆர்டரைக் குடுத்துட்டேன்.”

“ஆருக்குங்க சார்?”

“உங்க பெரியவரு மாரியப்பனுக்குத்தான். உங்க குடும்பத்தை உட்டு வெளிய போகக்கூடாதுன்னு பாத்துச் செஞ்சிருக்கறேன். அதுக்கு நீ எனக்கு நன்றி சொல்லணும்.”

நன்றிங்க சார் என்று அகல்யா சொன்னாள். வாய்ப் பழக்கம்.

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே மாரியப்பன் வீட்டுக்கு நடந்தாள். பிரபாகர் காலையில் நூல் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவன், அங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். தனப்பிரியா அவனுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தாள். மாரியப்பன் கை கழுவிவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“வா சாமி. உக்காரு. கத்திரிக்காக் கொழம்பு, சூடா இருக்குது.”

“சாப்புட வரலீங்க்கா.”

“பின்ன?”

“நீங்க எம்மேல இவ்வளவு வெச்சிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

“என்ன வெச்சிருந்தேன்? கொழம்பா?”

“சிரிக்காதீங்க. அந்தப் படம் குரூப்புல மட்டும்தான் போட்டேன். அதை எடுத்து ரத்தம்னு எழுதிப் போட்டிருக்கறீங்க. எங்களைக் கொண்டாந்து மறுபடியும் உங்க வாசல்ல நிறுத்தறதுக்கு. இப்ப ஆர்டரும் உங்களுக்கே வந்திருச்சு. நெறஞ்சுதா மனசு?”

தனப்பிரியா கரண்டியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, “எங்க, குடு பாக்கலாம்” என்று அகல்யாவின் போனை வாங்கினாள். படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள்.

“அடடா, எழுத்தையெல்லாம் எடுத்துட்டாங்களா? நல்லாத்தான் தெரியுது இப்ப. இதென்ன, கட்டில் ஓரத்துல?”

“எது?”

“இங்க பாரு. அந்த எழுத்து மறைச்சுட்டிருந்த எடத்துல. கொலுசு போட்ட காலு. நம்ம பாப்பா காலாட்டம் இருக்குதே.”

அகல்யா குனிந்து பார்த்தாள். கால்தான். இடுப்பில் இருந்த குழந்தையின் காலில் அதே கொலுசு ஆடியது.

தனப்பிரியா தன் போனை எடுத்தாள். குரூப்பைத் திறந்து, அகல்யா அன்று போட்ட படத்தைத் தேடிப் பிடித்தாள். இரண்டு போனையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“நீ எங்களுக்குப் போட்ட படத்துல காலே இல்லியே சாமி.”

இல்லை. அகல்யாவுக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது. எடுக்கும்போது குழந்தை கட்டிலில் ஏறிவிட்டாள். “தூக்குங்க அவளை, படத்துல விழறா” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அடுத்த படம் எடுத்தாள். அந்த அடுத்த படத்தைத்தான் தன் போனுக்கு அனுப்பினாள். கால் விழுந்த படம் எடுத்த போனிலேயே கிடந்தது.

“அந்தக் காலு போட்ட படம் ஆரு போன்ல இருந்துச்சு அகல்யா? எம்போன்லயா?”

பிரபாகர் சோற்றைப் பிசைந்தான்.

“மோரு ஊத்துங்கண்ணி” என்றான்.

“ஏனுங்க” என்றாள் அகல்யா.

அவன் நிமிரவில்லை.

“ஏனுங்க, உங்களைத்தான்.”

“என்ன இப்ப?”

“நீங்களா?”

“அவங்க எழுத்துப் போட்டு மறைச்சுத்தான் வெச்சிருந்தாங்க. அவ்வளவாத் தெரியவும் இல்ல. உடுன்னு நான் சொன்னேன். நீதான் போன் பண்ணி அழிக்க வெச்ச.”

“ஏன் செஞ்சீங்க?”

“ஏனா? அந்தச் செட்டுல போன் அடிச்சா ‘அகல்யா மேடம் இருக்காங்களா’ங்கறான். நான் பேசறேன்னா, ‘நீங்க தறி ஓட்டறவருங்களா’ங்கறான். இங்க இருந்தவரைக்கும் நான் சின்ன முதலாளி. நாற்காலில உக்காந்துட்டிருந்தேன். உன்னால கைலி கட்டிக்கிட்டு நூலு முடிஞ்சுட்டு நிக்கறேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ கேட்டிருப்பயா?”

தனப்பிரியா மோர் ஊற்றினாள்.

“எழுதுனது கொழுந்தனாருதான் சாமி. வந்து காட்டுனாரு. நான் ஒண்ணும் சொல்லல. பொண்டாட்டிக்கு வாந்தி வந்துச்சுன்னு மட்டும் சேத்துக்கங்கன்னேன். அப்பத்தான் நம்புவாங்க.”

அகல்யா மாரியப்பனைப் பார்த்தாள்.

“மாமா, உங்க தம்பியையே அதை அழிக்கச் சொல்லுங்க. எழுதுனவரு அழிச்சா அவங்க எடுத்துருவாங்க. ஒரு நிமிசத்து வேலை.”

மாரியப்பன் குச்சியை வெளியே எறிந்துவிட்டு வந்தார்.

“அழிச்சா அந்த ஆர்டர் உனக்கு வந்துரும். அது இப்ப எனக்கு வந்திருக்குது. எந்தப் பைத்தியக்காரன் அழிப்பான்?”

“தீபாவளி வரைக்கும்னு சொன்னீங்களே மாமா.”

“சொன்னேன். அது வரைக்கும் நீ எதை வெச்சு நிப்ப? அந்தப் படத்தை வெச்சா? சாயங்காலம் டெம்போ வரும். தறியைக் கழட்டி வைக்கச் சொல்லு.”

“ஆரை?”

“உம்புருசனைத்தான். தறி ஓட்டறவரு இல்ல?”

அண்ணன் சிரித்ததும் பிரபாகர் காதுவரை சிவந்தான். ஆனாலும் மோர்ச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தான்.

அகல்யாவும் பிரபாகரும் மாரியப்பன் வீட்டுக்கே குடிவந்தார்கள். தறிகள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தன. அவற்றில் குணசீலனின் ஆர்டருக்குப் புதுப் பாவு பூட்டினார்கள். முதல் உருப்படியை அறுத்த அன்று தனப்பிரியா அகல்யாவைக் கூப்பிட்டு ஒரு புதுப் போனைக் கையில் கொடுத்தாள்.

“நாங்களும் உன்னையாட்டமே பக்கம் தொறக்கறோம் சாமி. படம் நீயே எடு. உனக்குத்தான் கை வாகு.”

கட்டிலில் துணியை விரித்தார்கள். அகல்யா மூலையைப் பார்த்தாள்.

“மஞ்சள் வெக்கலீங்களா அக்கா?”

“படம் எடுத்ததுக்கு அப்பறம் வெப்பேன். எங்களுக்கு அந்தளவுக்கு அறிவு இருக்குது.”

ஓரத்து நாற்காலியில் பிரபாகர் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். மடியில் குழந்தை. அவள் கால் கட்டில்மேல் நீண்டு கிடந்தது.

“பாப்பா காலைத் தள்ளுங்க” என்றாள் அகல்யா. அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

“இருக்கட்டும் உடு. அழகாத்தானே இருக்குது.”

“இருக்கட்டுமுங்களா? உங்களுக்கு மறுபடியும் எதுக்காச்சும் வேணுமுங்களா?”

தனப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மாரியப்பனும் சிரித்தது கேட்டது. பிரபாகர் குழந்தையின் காலை வெடுக்கென்று இழுத்தான். குழந்தை அழுதாள். யாரும் தூக்கவில்லை.

அகல்யா படம் எடுத்தாள். வெளிச்சத்தைச் சரிபார்த்து இன்னொன்று எடுத்தாள். துணி நன்றாக வந்திருந்தது. தன்னுடையதைவிட நன்றாக வந்திருந்தது.

“இப்பப் படத்து மேல எங்க பேரைப் போடு” என்றாள் தனப்பிரியா. “அதென்ன சொல்லுவாங்க, வாட்டர்மார்க்கு.”

“மூலையில போடட்டுங்களா?”

“மூலையிலயா? நடுவுலயே கோணலாப் போடு. ஆராச்சும் எடுத்துக்கிட்டா என்ன பண்றது? உலகம் கெட்டுக் கெடக்குது.”

அகல்யா ‘மாரியப்பன் டெக்ஸ்டைல்ஸ்’ என்று தட்டிப் படத்தின் குறுக்கே வைத்துக் காட்டினாள்.

“போதுமுங்களா?”

“இன்னும் பெருசாப் போடு சாமி.”

அவள் பெரிதாக்கினாள்.

“இப்ப?”

“இன்னும்.”